கொங்கு நாட்டில் உண்மையான ஆராதனை: கருமத்தம்பட்டி ஆயரின் கேள்வியும் அதன் பின்கதையும்

அமராவதி ஆற்றங்கரையில் உள்ள தாராபுரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கிறித்தவ வழிபாடு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் நடக்கிறது. கோயம்புத்தூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர் திருப்பலியில் கூடுகின்றனர். திருச்சி–தஞ்சைத் திருமண்டலத்தைச் சேர்ந்த தென்னிந்தியத் திருச்சபையினர் அச்சிட்ட ஒழுங்குப்படி ஆராதனை செய்கின்றனர். கைதட்டிப் பாடி உரத்த குரலில் மன்றாடும் சபைகளும் உண்டு. ஒருவருக்கு மௌனம் பக்தியாகத் தெரிகிறது. அதுவே மற்றவருக்கு உயிரற்ற சடங்காகத் தெரிகிறது. இவற்றுள் எது உண்மையான ஆராதனை என்ற கேள்வி இன்று பெரும்பாலும் பாடலின் வேகத்தையும் குரலின் ஓசையையும் வைத்தே பேசப்படுகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வேறொரு இடத்தைச் சுற்றியே எழுந்து வந்திருக்கிறது. வழிபடுகிறவர் யார் அருகில் நிற்கிறார், யாரை அருகில் நிற்க விடுவதில்லை என்பதே அந்த இடம். கொங்கு நாட்டில் ஓர் ஆயர் இதே சிக்கலில் அகப்பட்டுத் தம் பதவியையே துறந்தார்.

சொல்லும் பொருளும்

தமிழ்க் கிறித்தவர்களிடம் வழிபாட்டைக் குறிக்கப் பல சொற்கள் வழங்குகின்றன. சீர்திருத்தச் சபையினர் ஆராதனை என்பர். கத்தோலிக்கர் முன்பு பூசை என்றனர். இப்போது திருப்பலி, வழிபாடு என்கின்றனர். வழிபாடு என்ற சொல்லில் 'வழிப்படுதல்', அதாவது ஒருவர் காட்டிய வழியில் நடத்தல் என்ற பொருள் அடங்கியுள்ளது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திலும் இரு சொற்கள் முக்கியமானவை. 'புரொஸ்குனேயின்' என்பது தாழ விழுந்து வணங்குவதையும், 'லத்ரேயா' என்பது பணிவிடையையும் குறிக்கும். ஒன்று உடலின் செயல். மற்றது அன்றாட வாழ்வின் செயல்.

யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் சமாரியப் பெண் ஒருத்தி இயேசுவிடம் கேட்பது இடத்தைப் பற்றிய கேள்வி: எந்த மலையில் தொழ வேண்டும்? இடம் முக்கியமன்று, ஆவியும் உண்மையுமே முக்கியம் என்ற கருத்தில் பதில் வருகிறது. இந்தப் பகுதி பிரசங்கங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ஆனால் அந்த உரையாடல் நடந்த சூழலைப் பலர் கவனிப்பதில்லை. யூதர்கள் சமாரியரோடு புழங்குவதில்லை. அவள் கையால் மொண்ட தண்ணீரைக் கேட்டபடிதான் அந்தப் பேச்சே தொடங்குகிறது. மத்தேயு ஐந்தாம் அதிகாரமோ இன்னும் வெளிப்படையானது. சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது. பழைய ஏற்பாட்டின் ஆமோஸ், ஏசாயா ஆகிய தீர்க்கதரிசிகளும், நீதி இல்லாத இடத்தில் செலுத்தப்படும் பலியைக் கடவுள் வெறுப்பதாகச் சொல்லியுள்ளனர். கிறித்தவ மறைநூல் காட்டும் உண்மையான ஆராதனை மன உருக்கத்தோடு நின்றுவிடுவதில்லை.

மதுரையில் தொடங்கிய சர்ச்சை

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி, இந்த மண்ணின் தோற்றத்தோடு கிறித்தவத்தைக் கற்பிக்க முயன்றார். காவி உடுத்தார், மரக்கறி உண்டார், தமிழும் வடமொழியும் கற்றார். அவரிடம் திருமுழுக்குப் பெற்ற உயர்சாதியினர் குடுமி, பூணூல், சந்தனப் பொட்டு ஆகியவற்றை விடவில்லை. இவை சமயச் சின்னங்கள் அல்ல, சமூக வழக்கங்கள் என்பது அவர் வாதம். உடன் உழைத்த துறவியரே இதை எதிர்த்தனர். வழக்கு ரோமாபுரி வரை சென்றது. 1623இல் பதினைந்தாம் கிரகோரி என்ற திருத்தந்தை நோபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

அந்த ஆணையின் முதற்பகுதியைப் பற்றி எல்லா வரலாற்று நூல்களும் எழுதுகின்றன. அதன் முடிவில் இன்னொரு வேண்டுகோளும் இருந்தது. குலப்பெருமை உடையோர் தாழ்ந்த நிலையில் உள்ளோரை இகழக் கூடாது, இறைவார்த்தை கேட்கும் இடத்திலும் அருட்சாதனங்கள் பெறும் இடத்திலும் அவர்களை விலக்கக் கூடாது என்பதே அது. பூணூலுக்கு அனுமதி உடனே நடைமுறைக்கு வந்தது. வேண்டுகோள் தாளில் நின்றது. மதுரை மிசனில் உயர்சாதியினருக்குப் 'பிராமண சந்நியாசி' குருக்களும், மற்றவர்களுக்கு 1640 முதல் 'பண்டாரசாமி' குருக்களும் எனப் பணியே இரண்டாகப் பிரிந்தது.

1703இல் திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், மறு ஆண்டு பதினாறு பிரிவுகள் கொண்ட ஆணை ஒன்றை வெளியிட்டார். தாலியில் பொறிக்கும் உருவங்கள், நெற்றியில் இடும் சாம்பல், சிறுவயதுத் திருமணம், கோயில் விழாக்களில் கிறித்தவ இசைக் கலைஞர்கள் வாசிப்பது முதலியவை அதில் தடை செய்யப்பட்டன. 'மலபார் சடங்குச் சர்ச்சை' என்று இது பெயர் பெற்றது. கேரள மலபாருக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஐரோப்பியர் அக்காலத்தில் தமிழரை 'மலபாரிகள்' என்று அழைத்ததால் வந்த பெயர் இது. மாணவர்கள் இங்கே குழம்புவது வழக்கம்.

இச்சர்ச்சையைச் சாம்பலும் தாலியும் பற்றியதாக மட்டும் படித்தால் அதன் முள் தெரியாது. அந்த ஆணையில், நோயுற்ற பறையர் வீட்டிற்குள் குரு சென்று அருட்சாதனம் வழங்க மறுக்கக் கூடாது என்ற பிரிவும் இருந்தது. உயிர் பிரியும் நிலையில் இருப்பவரை வீட்டிலிருந்து வெளியே தூக்கி வந்து கிடத்தினால்தான் குரு வருவார் என்ற வழக்கம் அதுவரை இருந்திருக்கிறது. வீட்டினுள் கால் வைத்தால் மற்றச் சாதியார் குருவிடம் வரமாட்டார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இந்த ஆணையை உறுதி செய்தார். மிசனரிகள் அனைவரும் இதைக் கடைப்பிடிப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்பதும் நிலைபெற்றது. ஆயினும் பறையருக்கென்றே தனியாக மிசனரிகளை ஒதுக்கும் ஏற்பாட்டை அதே ஆணை ஏற்றுக்கொண்டது. ஒரு கையால் மூடிய கதவை மறு கையால் திறந்து வைத்தது போலாயிற்று.

கருமத்தம்பட்டி ஆயர்

இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டபின் தமிழ்நாட்டுப் பணியைப் பாரிசு அயல்நாட்டு மிசன் சபையினர் ஏற்றனர். அச்சபையின் குருவாக 1842இல் புதுச்சேரிக்கு வந்தவர் மெல்கியோர் தெ மரியோன் பிரேசிலாக். 1813இல் தெற்குப் பிரான்சின் காஸ்தெல்நோதாரி நகரில் பிறந்தவர். சேலத்தில் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர் புதுச்சேரிக் குருமடத்தின் தலைவரானார். இந்த நாட்டவரையே குருக்களாகவும் ஆயர்களாகவும் உருவாக்க வேண்டும் என்பது அவரது மாறாத எண்ணம். 1844இல் ஆயர் பொன்னாந்து கூட்டிய புதுச்சேரி மன்றமும் இதையே முக்கியப் பணியாக வலியுறுத்தியது.

1845இல் கோயம்புத்தூர்ப் பகுதி புதுச்சேரியிலிருந்து பிரிக்கப்பட்டபோது அதன் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. அப்போது தலைமையிடம் கோயம்புத்தூர் நகரம் அன்று. திருப்பூருக்கும் கோவைக்கும் இடையில், சோமனூருக்கு அருகில் உள்ள கருமத்தம்பட்டியே தலைமையிடம். இன்று விசைத்தறி ஓசை நிறைந்த ஊர். 1846 அக்டோபர் 4 அன்று அவர் அங்கேயே ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அந்தச் சிற்றூரில் குருமடம் நடத்தி உள்ளூர் இளைஞரைப் பயிற்றுவிக்க முற்பட்டார். உடன் உழைத்த ஐரோப்பியக் குருக்கள் எல்லாரும் இதை விரும்பவில்லை. இந்தியர் குருவானால் தங்கள் இடம் என்ன என்ற அச்சம் சிலருக்கு; இந்தியரின் தகுதியில் ஐயம் சிலருக்கு.

அவரை வாட்டிய இரண்டாவது சிக்கல் சடங்குகளைப் பற்றியது. ஒவ்வொரு மிசனரியும் 1744ஆம் ஆண்டு ஆணையைக் கடைப்பிடிப்பதாகச் சத்தியம் செய்துவிட்டே பணியைத் தொடங்கினார். ஆனால் ஊர்தோறும் பல வழக்கங்கள் கண்டும் காணாமல் விடப்பட்டன. கோயிலினுள் சாதிக்கு ஓர் இடம் என்ற பிரிவும் சாதாரணமாக இருந்தது. எது வெறும் சமூக வழக்கம், எது சமயத்தின் பாற்பட்டது என்பதில் மிசனரிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஒருவர் அனுமதித்ததை அடுத்த பங்கில் இன்னொருவர் தடுத்தார்.

பெரும்பாலோர் இதை நிர்வாகச் சங்கடமாகக் கருதி நாள்களைக் கடத்தினர். பிரேசிலாக் அப்படிக் கடத்த முடியாதவராக இருந்தார். கடவுளின் பெயரால் சத்தியம் செய்துவிட்டு அதற்கு மாறானதைப் பார்த்தும் பேசாதிருந்தால், அந்தக் கையால் பீடத்தில் பலி செலுத்துவது எப்படி என்பதே அவர் மனச்சான்றின் கேள்வி. அவர் இந்திய வழக்கங்களை வெறுத்தவரல்லர். மக்கள் பண்பாட்டை மதிக்க வேண்டும் என்றே எழுதி வந்தார். அதனாலேயே அவர் நிலை கடினமாயிற்று. வழக்கங்களை முழுக்கத் தடை செய்தால் மக்களுக்கு அநீதி இழைத்தவராவார். எல்லாவற்றையும் விட்டுவிட்டால் சத்தியத்தை மீறியவராவார். தெளிவான முடிவைத் தரும்படி ரோமாபுரிக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். அவர் எதிர்பார்த்த தெளிவு வரவில்லை. 1854இல் நேரிலேயே சென்று முறையிட்டார். 1855இல் அவரது பதவி விலகல் ஏற்கப்பட்டது. அவர் கொங்கு நாட்டிற்குத் திரும்பவே இல்லை.

அவரைச் சாதி ஒழிப்பு வீரர் என்று இன்று எழுதுவது மிகையாகும். சாதிப் பிரிவினையை நேரடியாக எதிர்த்துப் போராடியதாக அவர் வாழ்க்கை அமையவில்லை. அவர் செய்தது வேறு. வாயால் சொல்லும் சத்தியமும் கண்முன் நடக்கும் வழிபாடும் பொருந்தவில்லை என்பதை மறைக்க மறுத்தார். பதவியில் இருந்துகொண்டே மறைத்தவர் பலர் இருந்த காலத்தில் அது சிறிய செயலன்று.

1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரில் ஆப்பிரிக்க மிசன் சபையை அவர் நிறுவினார். 1859 மே மாதம் மேற்கு ஆப்பிரிக்காவின் பிரீடவுனில் இறங்கினார். ஊரெங்கும் மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. ஜூன் 25 அன்று, வந்து ஆறே வாரங்களில், 45 வயதில் இறந்தார். 2020இல் திருத்தந்தை பிரான்சிசு அவரை 'வணக்கத்துக்குரியவர்' நிலைக்கு உயர்த்தினார். அவரைக் கசக்கிய அந்தச் சத்தியம் 1940 ஏப்ரலில்தான் ரத்து செய்யப்பட்டது.

சுவரும் கிராதியும்

கொங்கில் முடிவு காணாத கேள்வி தென்பாண்டி நாட்டில் கல்லும் சுண்ணாம்புமாக எழுந்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய திருக்குடும்பக் கோயில், பீடத்திலிருந்து இரு கால்களாகப் பிரியும் அமைப்பில் கட்டப்பட்டது. ஒரு பகுதி வேளாளருக்கு, மறு பகுதி நாடாருக்கும் மற்றவர்க்கும். பீடம் ஒன்றுதான், ஆனால் வழிபடுவோர் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. 1910இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை அகற்றினார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய், திருச்சபையின் பக்கம் தீர்ப்பாயிற்று.

சீர்திருத்தச் சபையினரும் இதிலிருந்து தப்பவில்லை. 1833இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன், சபைகளுக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையில் பெரும் எதிர்ப்பு. தமிழ்க் கீர்த்தனைகளுக்காக இன்றும் போற்றப்படும் வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்ப்பவர் பக்கமே நின்றார். ஒருவரின் பக்தி மெய்யானதாக இருந்தும் அருகில் இருப்பவரைப் பற்றிய பார்வை மாறாமல் இருக்க முடியும் என்பதற்கு இது வருத்தமான சான்று.

தாராபுரத்தில் நிகழ்ந்தது

தாராபுரம் வட்டாரத்தில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கேள்வி தலைகீழாக எழுந்தது. வெசுலியன் மெதடிசுட்டு மிசன் அங்கே பணியாற்றியபோது மாதாரிகள் எனப்பட்ட அருந்ததியர் குடும்பம் குடும்பமாக, குடியிருப்பு குடியிருப்பாகச் சபையில் சேர்ந்தனர். கொங்கு வேளாண்மையில் கவலை இறைக்கும் தோற்பறியைத் தைத்தவர்களும் பண்ணையத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களும் அவர்களே. கிணற்று நீரை மேலே கொண்டுவந்த பறி அவர்கள் கையால் ஆனது. அதே கிணற்றில் அவர்கள் இறங்கக் கூடாது.

கூட்டமாகச் சேர்பவர்களின் பக்தி உண்மையானதா என்று இப்போது ஐயம் எழுந்தது. சோற்றுக்காகவும் பள்ளிக்காகவும் வந்தவர்கள் என்ற ஏச்சு அவர்கள்மீது விழுந்தது. வெளியாரோடு சபைக்குள் இருந்த சிலரும் அப்படியே பேசினர். இந்தியாவின் பல பகுதிகளில் இத்தகைய மக்கள் இயக்கங்களை ஆராய்ந்த அமெரிக்க மெதடிசுட்டு ஊழியர் வாசுகம் பிக்கெட், 1933இல் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். வந்த காரணம் எதுவாக இருந்தாலும், வந்தபின் கிடைத்த போதனையும் ஒழுங்கான கூட்டு வழிபாடுமே ஒரு சபையின் தரத்தைத் தீர்மானிக்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். மேலும் ஒன்று கேட்கத் தகுந்தது. மனிதனாக மதிக்கப்பட வேண்டும் என்ற ஆசையோடு கடவுள்முன் வருவது பொய்யான காரணமா? சமாரியப் பெண் கிணற்றுக்கு வந்ததும் தண்ணீருக்காகத்தானே!

1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிசுட்டு, காங்கிரிகேசனல், பிரசுபிதேரியன் மரபுகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. மெதடிசுட்டு மரபில் வந்த தாராபுரத்துச் சபைகளும் அதில் சேர்ந்தன. புதிய திருச்சபை 1950இல் வெளியிட்ட திருவிருந்து ஒழுங்கில் ஒரு பழைய வழக்கம் மீண்டது. அதுதான் சமாதானம் வழங்குதல். கேரளச் சிரியன் மரபிலிருந்து எடுக்கப்பட்டது. ஒருவர் தம் வலக்கையை அடுத்தவரின் வலக்கையோடு சேர்த்து, இருவரும் இடக்கையால் மற்றவர் கையை மூடிக்கொள்வர். பீடத்திலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக அது கடைசி ஆள் வரை செல்லும். காணிக்கைக்கும் அப்பம் பிட்பதற்கும் முன்பாக இது நடக்கும். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தின் வரிசையும் அதுவே.

உலக அளவில் வழிபாட்டு நூல் அறிஞர்கள் இந்த ஒழுங்கைப் பெரிதும் பாராட்டினர். ஆனால் தொட்டால் தீட்டு என்று வகுத்திருந்த நாட்டில், கையைத் தொடாமல் திருவிருந்தை அணுக முடியாது என்று ஓர் ஒழுங்கு சொன்னது எவ்வளவு கனமானது என்பதை அறிய வெளிநாட்டு அறிஞர் தேவையில்லை. பின்னாளில் பல சபைகளில் இது தள்ளி நின்று கைகூப்பும் வணக்கமாகச் சுருங்கியது. கைகூப்புவது அழகான தமிழ் வழக்கம்தான். எதற்குப் பதிலாக அது வந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

குத்துவிளக்கும் பறையும்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டை மக்கள் மொழிக்குக் கொண்டுவந்தது. 1969இல் இந்திய ஆயர்கள் கேட்ட பன்னிரண்டு மாற்றங்களுக்கு ரோமாபுரி இசைவு தந்தது. குத்துவிளக்கு, ஆரத்தி, தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல் எல்லாம் கோயிலுக்குள் வந்தன. நோபிலியின் கனவு நிறைவேறியது என்று பலர் எழுதினர்.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் பேராசிரியர் தியோபிலசு அப்பாவு அப்படி நினைக்கவில்லை. 'பரட்டை' என்ற பெயரில் பாடல்கள் எழுதிய இவர் 2005இல் மறைந்தார். கோயிலுக்குள் வந்த 'இந்தியத் தன்மை' மேல்தட்டுச் சமயத்தின் தன்மையாகவே இருக்கிறது, சேரியின் இசைக்கு அதில் இடமில்லை என்பது அவர் குறை. அதனால் நாட்டுப்புற மெட்டுகளிலேயே முழு ஆராதனை ஒழுங்கை அமைத்தார், பறையையும் கூட்டினார். கடவுளைத் தந்தை என்று மட்டும் சொல்லாமல், தாய்க்கும் தந்தைக்கும் பொதுவான 'பெத்தவரே' என்ற கிராமத்துச் சொல்லால் விளித்தார். ஒரே உலையில் வடித்த சோற்றைப் பகிர்ந்து உண்பதையே திருவிருந்தின் பொருளாக விளக்கினார். இழவு வீட்டுக் கருவி என்று ஒதுக்கிய பறையைக் கோயிலுக்குள் கேட்க மறுத்தவர்கள் அதை அடிப்பவர்களின் பிள்ளைகளாகவும் இருந்தார்கள். அவமானத்தை மறக்கவே கோயிலுக்கு வந்தோம், அதை ஏன் உள்ளே கொண்டுவருகிறீர்கள் என்ற அவர்கள் கேள்வியும் நியாயமானதே.

2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் கத்தோலிக்கரான வன்னியருக்கும் தலித்துகளுக்கும் இடையே மோதல் மூண்டது. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். ஒரே பங்கில் தங்களுக்குச் சம இடம் கிடைக்காது என்று கண்ட தலித் மக்கள் அப்போது ஆயரிடம் கேட்டுக்கொண்டிருந்தது, தங்களுக்கென ஒரு தனிப் பங்கு.